கதவின் நாலாம் மூலை

2009 மே 19, செவ்வாய்

கச்சான் காற்று. வாய்க்குள் மணல். காலையில் கரண்ட் இல்லை.

சந்தியில் பட்டாசு வெடி. சண்டை முடிந்துவிட்டதாம். எல்லாக் கடைக்கும் கொடி கட்டச் சொல்லி ஆட்கள் வந்து போனார்கள். நம் ஸ்டூடியோ முன்னாலும் ஒன்று. முதலாளி றபீக் காக்கா (இனி ற.கா.) கதிரையில் ஏறிக் கட்டினார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழகு பார்த்தார். டிவியில் திரும்பத் திரும்பச் செத்த உடல்கள். வெற்றிலை மென்றுகொண்டே பார்க்கிறார்கள்.

வேலை: நிந்தவூர்க் கலியாணம், பெண்கள் பக்கம். டீவீடி கட்டாருக்குப் போகிறது. அங்கே மாப்பிள்ளையின் கூட்டாளிமார் பார்ப்பார்களாம், ஆகவே மணமகளின் தங்கச்சிமாருக்கு முக்காடு போட்டுத் தர வேண்டும். கம்பியூட்டரில்தான். தலையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் குத்தி மாஸ்க் வரைய வேண்டும். மேலே துணி நிறத்தில் ஒரு லேயர். விளிம்பை மங்கலாக்க வேண்டும். அவர்கள் தலையை ஆட்டினால் மாஸ்க்கும் கூடவே ஆட வேண்டும், பிரேம் பிரேமாக. ஒருத்தி விடாமல் ஆட்டுகிறாள். அவள் ஒருத்திக்கே அரை நாள். வீட்டில் ஒரு முழத் துணியில் முடிந்திருக்கும் காரியம்.

முறைப்பட முடியாது. எனக்கு இந்த வேலை கிடைத்ததே இதனால்தான். பெண்கள் பக்கத்து டேப்பை ஆண்கள் எடிட் பண்ண வீட்டார் விடமாட்டார்கள். ஆகவே பின்னறை, ஒரு திரைச்சீலை, ஒரு கம்பியூட்டர், நான்.

வாங்க: உம்மாவின் கண் மருந்து. சீப்பு.

மே 20, புதன்

அரிசி ஆலை ஹாஜியார் வந்தார். அத்தர் வாசம் முதலில், ஆள் பிறகு. தேர்தலில் நிற்கப் போகிறார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டம், பெரிய திரை, அவருடைய சேவைகளைப் பற்றி வீடியோ.

திரைச்சீலைக்கு அப்பால் இருந்து கேட்டேன்.

"றபீக், சுனாமியன்டு நீ எடுத்த டேப்பு இரிக்காம். கதவொண்டுல மையத்தத் தூக்கிட்டு வாற துண்டு."

"ஓம் ஹாஜி. நாலு பேர் தூக்கிறாங்க."

"அதுல என்னையும் வை."

ற.கா. சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"நீங்க அன்டைக்குக் கொழும்பிலல்லுவா ஹாஜி?"

"இஞ்ச இரிந்திருந்தாத் தூக்கித்தானே இரிப்பன்? நிய்யத்து இரிந்திச்சு. நிய்யத்துக்குத்தான்டா கூலி."

நிய்யத்து! தொழுகைக்கு முன் மனத்தில் வைக்கிற எண்ணம், அந்தச் சொல்லை எடுத்துத் தேர்தல் நோட்டீஸ் ஒட்டுகிற பசை ஆக்கிவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

கடல் வந்து ஒரு கிழமை கழிந்துதான் ஊருக்கு வந்தவர். லொறி நிறையத் தண்ணீர்ப் போத்தல். ஒவ்வொரு போத்தல் கொடுக்கும்போதும் கமராவைத் தேடிய முகம். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போகும்போது திரைச்சீலையைப் பார்த்துச் சொன்னார்: "மகள், சின்ன வேலதான். பின்னால ஒருத்தன் கட்டக் காச்சட்டையோட நிக்கிறானாம். ஜனாஸாவுல அது என்ன கோலம்? அதோட தமிழன். இப்ப காலம் வேற. அவன எடுத்துப்போட்டு அந்த மூலையில என்ன வைங்க."

ஓங்காளம் வந்தது.

மே 21, வியாழன்

அந்தத் துண்டு எனக்கு மனப்பாடம்.

கதவு, பச்சைப் பெயின்ட், பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. முன்னால் இடது வாப்பா. முன்னால் வலது, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார். பின்னால் இடது பக்கத்து வீட்டு மாஸ்டர். பின்னால் வலது, பக்கத்துத் தமிழூர் பாண்டிருப்பின் பேரின்பண்ணன். கரைவலைக்காரர், முன்பெல்லாம் எங்கள் வாசலில் மீன் வைத்துவிட்டுப் போன மனிதர். சட்டை இல்லை, கட்டைக் காற்சட்டை, முழங்கால் வரை சேறு. நாலு பேரும் மதிலோரமாக நடக்கிறார்கள். கதவின் மேல் ஆண்கள் உடுக்கிற நீலக் கட்டம் போட்ட சாரத்தால் மூடி, என் ராத்தா.

ராத்தா ஸித்தி. எனக்கு மூத்தவள். அன்று நானும் உம்மாவும் அக்கரைப்பற்றில் சாச்சி வீட்டில். மறுநாள் வந்து சேரும்போது அடக்கியாயிற்று. மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நானும் உம்மாவும் ஒன்றும் பார்க்கவில்லை. வாப்பா சொன்னது ஒரே சொல்: "அடக்கியாச்சு." அதற்கு மேல் இன்று வரை இல்லை. இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பழைய டேப்புகளைக் கம்பியூட்டருக்கு மாற்றும்போதுதான் ராத்தா வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ற.கா.வுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் நான் கதிரையில் இருந்து எழும்ப முடியாமல் இருந்ததை அவர் பார்த்தார்.

அன்று எல்லாரும் ஓட, கமராவைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் ஓடிய ஆள் ற.கா. அதனால் இன்றும் அவரை முழுதாக வெறுக்க முடியவில்லை. கஷ்டமாக இருக்கிறது.

இன்று நான் சொன்னேன், மாட்டேன் என்று.

"உன்ட ராத்தாட முகம் தெரியாதுதானே புள்ள. மூடித்தானே கிடக்கு."

"மாட்டன் காக்கா."

"அப்ப அக்கரப்பத்துப் பொடியனுகளுக்கு அனுப்புறன். அவனுகள் செஞ்சு தருவானுகள்."

அங்கேதான் விழுந்தேன். ராத்தாவின் ஒரு கால் சாரத்துக்கு வெளியே, கணுக்கால் வரை. முன்பின் தெரியாத பொடியன்கள் அதைப் பெரிதாக்கி, நிறுத்தி, நகர்த்தி, பக்கத்தில் சோடாவும் ரோல்ஸும் வைத்துக்கொண்டு... நிந்தவூர்ப் பெண்களின் தலைமயிருக்கு அரை நாள் செலவழிக்கிறவள் நான்.

செய்வதாகச் சொல்லிவிட்டேன். என் மேலேயே அருவருப்பு.

மே 23, சனி

இன்றைக்குச் சிரித்தேன். சிரித்தது பிடிக்கவில்லை, ஆனால் சிரித்தேன்.

ஹாஜியாரை முன்னறையில் படம் எடுத்தார்கள். பின்னால் பச்சைத் துணி. பச்சையைக் கம்பியூட்டர் தானாக வெட்டிவிடும், ஆள் மட்டும் மிஞ்சுவார், அதுதான் கணக்கு. ஹாஜியார் வந்தது பச்சைத் தொப்பி, பச்சைச் சால்வையோடு. தேர்தலுக்கு நிற்கிறவரிடம் கட்சிப் பச்சையைக் கழற்று என்று யார் சொல்வது?

தூக்குவதற்குக் கதவுக்குப் பதிலாக இஸ்திரிப் பலகை. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்தார். "துக்கமா வரட்டா?" என்று கேட்டார். வந்தது பல்வலிக்காரன் முகம்.

பின்னறையில் திறந்து பார்த்தால் தொப்பியும் போச்சு, தோளும் போச்சு. மண்டையின் மேல்பாதி இல்லாத ஹாஜியார், இஸ்திரிப் பலகையோடு நடக்கிறார். அப்படியே விட்டிருக்கலாம்.

முடிவு: தானாக வெட்டாது. கையால்தான் மாஸ்க். பிரேம் பிரேமாக.

உம்மா கேட்டாள், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று. வெக்கை என்றேன்.

மே 25, திங்கள்

செய்தது:
முதலில் பேரின்பண்ணனைச் சுற்றி மாஸ்க். பிறகு தலைகீழாக்கினேன், உள்ளே இருப்பது மறையும். அவர் இருந்த இடத்தில் கறுப்பு ஓட்டை, ஆள் வடிவத்தில்.
ஓட்டைக்கு அடியில் வெறும் மதில். நாலு பேரும் நடந்து போன பிறகு கமரா மதிலையே கொஞ்சம் பிடித்திருக்கிறது, அதை எடுத்து அடி லேயராக வைத்தேன்.
மேலே ஹாஜியார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே. மறைகிறது. அதுதான் பயங்கரம். நன்றாகவே மறைகிறது.

யாரும் கேட்காத ஒன்றும் செய்தேன். சாரத்தின் ஒரு துண்டை மாஸ்க் போட்டு எடுத்து இன்னொரு லேயர் ஆக்கி, ராத்தாவின் காலுக்கு மேல் இழுத்து விட்டேன். நீலக் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், கோடு கோட்டில் சேர வேண்டும். மத்தியானச் சாப்பாடும் மறந்து அதிலேயே இருந்தேன். கால் மூடிவிட்டது. இந்தக் கேடுகெட்ட வேலையில் நான் மனத்தோடு செய்தது அது ஒன்றுதான்.

அப்போது முன்னறையில் ஒரு குரல்.

"முதலாளி, பாஸுக்குப் படம் எடுக்கணும். கடலுக்குப் போறதுக்குப் புதுப் பாஸ் கேக்கிறாங்க."

பேரின்பண்ணன்.

திரைச்சீலையின் இடுக்கால் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. ஸ்டூலில் நிமிர்ந்து இருந்தார், கை இரண்டும் தொடையில். வலது புறங்கையில் பச்சை குத்திய வேல், விரல் நீளம். சின்ன வயதில் அந்தக் கையைத்தான் பார்ப்போம், மீன் நிறுக்கும்போது. ற.கா. "ஆடாம இரிங்க, ஆடாம" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். முன்னால் அவரைப் படம் எடுக்கிறார்கள், பின்னால் நான் அவரை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போகும்போது என்னைக் கண்டார்.

"இஞ்சயா பிள்ள வேலை செய்றாய்? வாப்பாக்குச் சுகமா?"

"ஓம் அண்ணன். சுகம்."

"கேட்டதாச் சொல்லு. இப்ப நாங்க அந்தப் பக்கம் வாறதில்ல. ரெண்டு பக்கமும் ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கிறாங்க."

போய்விட்டார். நான் ஸ்க்ரீனை அணைத்துவிட்டேன்.

மே 27, புதன்

கை பொருந்தவில்லை.

ஹாஜியார் பிடித்தது இஸ்திரிப் பலகை, மெல்லிசு. விரல்கள் பூவைப் பிடித்த மாதிரி. கதவு தடிப்பு, பாரம், ஈரம். அவருடைய கையைக் கதவு மூலையில் வைத்தால் கதவு தானாக மிதக்கிறது. திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தேன். குறுக்கெலும்பு நோகிறது.

ற.கா. வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பழைய கைய விட்டிரு. சட்டைக் கை மணிக்கட்டு வரைக்கும் வருகிதல்லுவா, அங்க வெட்டு. கை கைதான். ஆருக்குத் தெரியப் போகிது?"

"புறங்கையில கறுப்பா ஒண்டு தெரியுது காக்கா."

"சேறு."

சேறு என்றார். மாஸ்க்கின் கோட்டை மணிக்கட்டில் நிறுத்தினேன், விளிம்பை மங்கலாக்கினேன். ஹாஜியாரின் வெள்ளைச் சட்டைக் கைக்குள்ளிருந்து பேரின்பண்ணனின் கை வருகிறது, கதவை இறுக்கிப் பிடித்திருக்கிறது. சின்ன ஸ்க்ரீனில் சேறு மாதிரித்தான் இருக்கிறது.

பின்னேரம் ஹாஜியார் வந்து பார்த்தார். கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே ஈரம்! செய்யாத காரியத்தைப் பார்த்து அழுகிறார். "சுப்ஹானல்லாஹ், நான்தான்" என்றார்.

வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

மே 29, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வாப்பா வந்தார். கூடவே ஹாஜியாரின் ஆள் ஒருவன். கூட்டத்துக்கு வாப்பா மேடைக்கு வர வேண்டுமாம். பொன்னாடை போர்த்துவார்களாம். "ஹாஜியாரும் நானும் சேந்து மகள்ர மையத்தத் தூக்கினம் எண்டு ரெண்டு வார்த்த சொன்னாச் சரி காக்கா. வேற ஒண்டும் இல்ல." சிரித்துக்கொண்டே சொன்னான். பல்லில் இறைச்சி.

வாப்பா தொப்பியைக் கழற்றி மடித்தார். பிறகு: "வாறன்."

வாறன்! நாலரை வருஷம் எங்களிடம் ஒரு சொல் சொல்லாத மனிதர். அடக்கியாச்சு, முடிந்தது. இப்போது மைக்கில் சொல்லப் போகிறார், அதுவும் பொய். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். உம்மா பின்னால் வந்தாள்.

"என்ன புள்ள?"

"உங்கட மனிசனுக்குப் பொன்னாட வருது. சந்தோசப்படுங்க."

அப்படிக் கதைத்திருக்கக் கூடாது. உம்மாவுக்கு அந்தத் துண்டைப் பற்றியே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஊரோடு சேர்ந்து தெரிந்துகொள்ளட்டுமா? அதுவும் கேவலம். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மே 30, சனி

சொல்லவில்லை. துணிவு இல்லை. நிந்தவூர்க் கலியாணம் முடித்துக் கொடுத்தேன். முக்காடு கொஞ்சம் தடிப்பாம், "இயற்கையா இல்ல"யாம். போங்கடா.

மே 31, ஞாயிறு

ராத்திரி எழுதுகிறேன்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். உம்மா முழங்கால் நோவென்று வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பெண்கள் பக்கம் சீலை கட்டி மறைத்திருந்தது, ஆனால் திரை அங்கிருந்தும் தெரிந்தது. அவ்வளவு பெரிது. மஃரிபுக்குப் பிறகு, இருட்டியதும் போட்டார்கள்.

முதலில் பாட்டு, பிறகு தண்ணீர்ப் போத்தல்கள், பிறகு மதில், கதவு, நாலு பேர். என் பக்கத்தில் ஒரு பெண் "யா அல்லாஹ்" என்று அழத் தொடங்கினாள். ஹாஜியார் மேடையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

கடைசியில் அந்தப் படத்தை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். அது ற.கா.வின் ஏற்பாடு. என் சின்ன ஸ்க்ரீனில் நகத்தளவு இருந்த கை, அங்கே ஒரு தோணி அளவு. சேறு இல்லை. வேல். தண்டும் இலையும் துலக்கமாகத் தெரிந்தன.

யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஹாஜியார் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையை மட்டும் பார்த்தேன்.

அறிவிப்பாளர் வாப்பாவைக் கூப்பிட்டார். "அன்று தன் அன்பு மகளின் ஜனாஸாவை நமது ஹாஜியாரோடு தோள் கொடுத்துச் சுமந்த தந்தை!" வாப்பா எழும்பினார். பொன்னாடை. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். திரும்பித் திரையைப் பார்த்தார், நீண்ட நேரம். முதல் தடவையாகப் பார்க்கிறார். சொல்லாதீங்க வாப்பா, சொல்லாதீங்க என்று மனத்துக்குள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குப் பேசத் தெரியா. அந்தக் கையப் பாருங்க. அது பாண்டிருப்புப் பேரின்பத்திர கை. வேல் குத்திக் கிடக்கு. என்ட மகளத் தூக்கினது அந்தக் கைதான். ஹாஜியார்ர கையிலயும் வேல் இரிந்தாக் காட்டச் சொல்லுங்க."

மைக்கை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கேட்டுவிட்டது.

ஹாஜியார் வலது கையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார். ஆயிரம் கண் பார்க்க, ஒரு வெறும் கையை மறைத்துக்கொண்டு இருந்தார்.

பிறகு சிரிப்பு. முன்வரிசையில் தொடங்கி மைதானம் முழுக்க. "வேல் ஹாஜி!" என்று ஒருவன். விசில். பெண்கள் பக்கமும் சிரித்தார்கள். அழுத அந்தப் பெண்ணும்.

திரையில் ராத்தா கிடக்கிறாள். அதை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் மேல் சிரிப்பு விழுந்துகொண்டே இருக்கிறது, யாரும் நிறுத்தவில்லை. நான் எழும்பிப் போய் வயர் ஒன்றைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. கல்லெறிந்தாலும் பரவாயில்லை என்றுதான் போனேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவே இல்லை.

வாப்பாவும் நானும் நடந்தே வந்தோம். பொன்னாடையை எங்கேயோ விட்டுவிட்டார். வீட்டுக் கிட்ட வரும்போது:

"நீயா செஞ்ச?"

"ஓம் வாப்பா."

"கைய ஏன் விட்ட?"

"பொருந்தல்ல."

தலையாட்டினார்.

ஜூன் 1, திங்கள்

காற்று இல்லை. புழுக்கம்.

காலையில் ற.கா. ஃபோன்: "இனி இஞ்ச கால் வைக்காத." மத்தியானம் மறுபடி ஃபோன்: ஒலுவில் கலியாணம் வந்து கிடக்கிறதாம், பெண்கள் பக்கம், வேறு யாரிடம் கொடுப்பது. சீ. நாளைக்குப் போவேன். என்ன செய்ய.

ஊர்க் கதை உம்மாவின் காதுக்கு வந்துவிட்டது, மீன்காரன் வழியாக. "எனக்கும் காட்டு" என்றாள். மறுக்கவில்லை. கால் மறைப்பைத் தவிர வேறு மாஸ்க் இல்லாத ஒரிஜினலை ஏற்கெனவே ஒரு டிஸ்க்கில் எடுத்து வந்திருந்தேன். அதில் ஹாஜியார் இல்லை. நாலாம் மூலையில் பேரின்பண்ணன் இருக்கிறார். ராத்தாவின் கால் மட்டும்தான், நான் மூடிய மாதிரியே.

லுஹர் தொழுதுவிட்டு மூன்று பேரும் இருந்தோம். டிவிக்கு முன்னால் பாய். வாப்பா சுவரில் சாய்ந்து. நான் பிளேயரைப் போட்டேன்.

உம்மா அழவில்லை. கிட்டப் போய், முழங்கால் நோவோடு குந்திக்கொண்டு, கண்ணாடி போட்டுப் பார்த்தாள். முடிந்ததும் மறுகா போடு என்றாள். போட்டேன். மூன்றாம் தரம் விரலை வைத்துக் காட்டினாள், கதவின் மேல்.

"இது எங்கட வீட்டுச் சாரம் இல்லியே. ஆர்ர?"

வாப்பா சுவரில் இருந்து நிமிர்ந்தார்.

"ஆர்ர சாரம்?"

"பேரின்பத்திர." பிறகு மெதுவாக, எங்களைப் பார்க்காமல்: "தாழம் பத்தைக்குள்ள கிடந்தவள். உடம்புல ஒண்டும் இல்ல. அவன்தான் கண்டான். கிட்ட வராதீங்க எண்டு எங்கள நிப்பாட்டிப்போட்டு, உடுத்திருந்ததக் கழட்டிப் போத்தினான். பொறகுதான் எங்களக் கூப்பிட்டான். அதோடதான் அடக்கின."

அந்தக் கட்டங்களைக் கோடு கோடாக நான்தான் பொருத்தினேன். கட்டைக் காற்சட்டையைப் பிரேம் பிரேமாக நான்தான் வெட்டினேன். இரண்டும் ஒரே படத்தில். ஒரு தரமாவது கேட்டேனா, இந்த மனிதரின் சாரம் எங்கே என்று?

உம்மா எழும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலரை வருஷம் சொல்லாததற்கு வாப்பாவை ஏசப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த மனிசனுக்கு ஒரு சாரம் வாங்கிக் குடுத்தீங்களா?"

வாப்பா நிலத்தைப் பார்த்தார்.

"வாங்கிக் குடுக்கல்லியா?"

"இல்ல."

உம்மா உள்ளே போய் வெளியில் போகிற அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். கண் மருந்துச் சீசாவுக்குப் பக்கத்தில் கிடந்த கைப்பையை எடுத்தாள். என்னைப் பார்த்து: "பசார் பூட்டுற நேரம் என்ன?"

அஸருக்கு முன் போகிறோம். பிறகு பாண்டிருப்பு. மூன்று பேரும். நீலக் கட்டம் கிடைக்குமோ தெரியாது.